இடது தோளுக்கு ஒரு துவக்கு

“துவக்குக்கு எப்ப இருந்து முரசு முளைச்சது?” என்று கேட்டார் பெரேரா.

சிங்களத்தில்தான் கேட்டார். மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். அந்தச் சின்னத் துவக்கின் மரக்கட்டையில், நான் கன்னம் வைக்கிற இடத்தில், பல் முளைக்கிற முரசின் அதே இளஞ்சிவப்பில் பளபளவென்று ஒரு துண்டு ஏறி உட்கார்ந்திருந்தது. முதல் முறை பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் பெரேரா கேட்ட அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

எங்கள் சுடும் கிளப்பின் வருடாந்தப் போட்டி நாள் அது. கொழும்புக்கு வெளியே, சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம். காற்றில் சேற்று மணம், மேசையில் துவக்கு எண்ணெய் மணம். போட்டிக்கு முன் ஒவ்வொரு துவக்கையும் செயலாளர் திருப்பிப் பார்த்து, மேசையின் மறுபக்கம் தள்ளிவிட்டால்தான் சுடலாம். பெரேராதான் செயலாளர். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய முதுகு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

மற்றவர்களுடையதை எல்லாம் தள்ளிவிட்டார். என்னுடையதை மட்டும் உள்ளங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை அவர் நங்கி என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி என்று அர்த்தம்.

“நங்கி, உனக்கு எத்தனை தரம் சொல்லிட்டன், வலது பக்கம் மாறு எண்டு?”

“சொன்னனீங்கள். மாட்டன் எண்டு நானும் சொன்னனான்.”

அந்தக் கை அந்தத் துவக்கின் மேல் கிடந்த நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது. அதைச் சொல்வதற்கு முன், நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நின்றேன் என்று சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நீங்களும் பெரேராவின் பக்கம் போய்விடுவீர்கள்.

அப்பாவின் லேஞ்சி

நான் பிறந்தது இடக்கைக்காரியாக. கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக் கப்பல் ஊதினால் கண்ணாடி அலுமாரி அதிருகிற வீட்டில். இதை இந்தத் தொடரில் இதுவரை எழுதவில்லை, ஏனென்றால் எனக்கே அது பாதி மறந்துபோயிருந்தது.

பாலர் வகுப்பில் நான் பென்சிலை இடக்கையால் எடுத்தால் ரீச்சர் அடிமட்டத்தால் விரல் முட்டியில் தட்டுவார். வீட்டில் அம்மா சோற்றுக்கோப்பையை வைத்ததும் அப்பா முகம் துடைக்கிற வெள்ளை லேஞ்சியை எடுத்து வருவார். என் இடக்கையைக் கதிரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் சாப்பிடச் சொல்வார். “அது கழுவிற கை. இது சோத்துக்கை. பொம்பிளைப்பிள்ளை போற இடத்தில எங்களைத்தான் பேசுவினம்” என்பார்.

அம்மாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். லேஞ்சியைத் தளர்வாகத்தான் கட்டுவார். கட்டி முடித்ததும் என் தலையில் ஒரு முத்தமும் கொடுப்பார். ஆனால் கட்டினார். அது எனக்குக் கோபம்தான். இந்த வயதிலும் கோபம்தான், அதை மறைக்க ஒன்றும் இல்லை.

கடைசியில் எல்லாம் மாறிவிட்டது. வலக்கையால் எழுதினேன், கோழி கிளறினது போல. வலக்கையால் சாப்பிட்டேன். சிலுவை அடையாளம் போட்டேன். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை கிடைத்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் தனியாக வீடு எடுத்து, கலியாணம் கட்டாமல், ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதுக்கும் வந்துவிட்டேன். நான் இடக்கைக்காரி என்று கந்தோரில் ஒருவருக்கும் தெரியாது.

பிறகு ஒரு கோயில் திருநாள். கொட்டாஞ்சேனையில் வீதி முழுக்கக் கடலை, பஞ்சு மிட்டாய், பொம்மைக்கடை. ஓரிடத்தில் பலகையில் பலூன் கட்டி, காற்றுத் துவக்கால் சுடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் தம்பி ஜூட் “அக்கா, ஒருக்காச் சுடன்” என்று பகிடிக்குத் தள்ளிவிட்டான்.

நான் யோசிக்கவே இல்லை. துவக்கு தானாக இடது தோளுக்குப் போனது. வலது கண் தானாக மூடியது. கடைக்காரர், “மிஸ், மாத்திப் பிடிச்சிட்டீங்கள்” என்று சொல்லி முடிக்கமுன் ஒரு பலூன் வெடித்தது. பக்கத்துப் பலூனும் வெடித்தது. ஜூட் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

என் கையைத்தான் கட்டினார்கள். கண்ணைக் கட்ட ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அழுகையும் சந்தோசமுமாக இருந்தது.

பபா துவக்கு

கிளப்பில் சேருவதற்குப் பொலிஸ் நற்சான்று வேண்டும். துவக்கு என்ற சொல்லே இந்த நாட்டில் கனமானது. தமிழ்ப் பெயருள்ள ஒருத்தி அதைச் சொன்னால் இன்னும் கனம். விண்ணப்பத்தைப் பார்த்த உத்தியோகத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மொகட்டத?” என்றார். எதுக்கு என்று கேட்கிறார்.

“கடதாசியில ஓட்டை போட” என்றேன்.

அவர் விண்ணப்பத்தை இன்னொருமுறை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். கையெழுத்தும் கிடைத்தது.

அதைத் தாண்டிவிட்டேன் என்ற சந்தோசப் புழுகத்தில் கிளப்புக்குப் போனால், அங்கே வேறு ஒரு சுவர். கிளப்பின் துவக்குகள் எல்லாம் வலக்கைக்காரருக்குச் செதுக்கியவை. கன்னம் வைக்கிற மேடு இடது பக்கத்தில் புடைத்து நிற்கும். கைபிடிக்கிற இடத்தில் பெருவிரலுக்கு ஒரு பள்ளம், அதுவும் வலது பெருவிரலுக்கு. என் பக்கம் வைத்துப் பார்த்தால் பிறத்தியாரின் சப்பாத்தைப் போட்டது போல இருக்கும்.

மூலையில் ஒன்று நின்றது. பள்ளிப் பிள்ளைகள் பழகுவதற்கு எப்போதோ வாங்கிய குட்டித் துவக்கு. கிளப்பில் அதைப் ‘பபா துவக்கு’ என்பார்கள், பபா என்றால் குழந்தை. மலிவாகச் செய்தது, அதனால் கட்டையில் ஒரு செதுக்கலும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அந்த அறையில் என்னை எதிர்க்காத ஒரே துவக்கு அதுதான்.

நானும் உயரம் குறைவு. ஆனாலும் அது எனக்கு நீளம் போதாது. மரக்கட்டையும் பதிந்தது, கன்னத்தை அதில் வைத்தால் கண் குறிபார்க்கும் துளைக்குக் கீழே நின்றது. தலையைத் தூக்கினால் கன்னம் அந்தரத்தில் நின்றது. அடிப்பக்கத்தை நீட்டவேண்டும், கன்னத்துக்கு மேடு வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

பெரேரா விரலை நீட்டினார். இது கிளப்பின் சொத்து. லைசன்ஸ் கிளப்பின் பெயரில். குழலில் கை வைக்கக் கூடாது, போல்ட்டில் கூடாது, விசையில் ஒரு திருகாணியைக்கூடத் திருப்பக் கூடாது. மரத்தைச் செதுக்கக் கூடாது, துளை போடக் கூடாது, பசை பூசக் கூடாது. வாசலைத் தாண்டி வெளியே கொண்டுபோகவே கூடாது.

“அப்ப என்னதான் செய்யலாம்?”

“கையால் பூட்டி, கையால் கழட்டக்கூடியது எதையும் செய். கழட்டினால் அடையாளம் இருக்கக் கூடாது.” இதைச் சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். அது முடியாத காரியம் என்று நினைத்துத்தான் சொன்னார்.

பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “நானும் பிறக்கேக்க இடக்கைதான், நங்கி. பள்ளிக்கூடத்தில மாத்தினாங்க, நேவியில மிச்சத்தையும் மாத்தினாங்க. எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?” என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. “அது உங்களுக்குத்தான் தெரியும், சேர்” என்றேன். அவர் துவக்கை எடுத்துப் பழைய மூலையில் சாத்தினார்.

ஒரே ஒரு ரவை

கந்தோரில் என் பக்கத்து மேசை பைசல். மருதானைக்காரர், நல்ல மனிதர், ஆனால் எதைக் கண்டாலும் பெரிதாக்கிப் பார்க்கிற ஆள். பபா துவக்கில் ஒரு நேரத்தில் ஒரு ரவைதான் போடலாம், சுட்டதும் போல்ட்டை இழுத்து அடுத்ததைக் கையால் வைக்கவேண்டும் என்று கேட்டதும் அவருக்கு மனம் ஆறவில்லை.

“ஒண்டா? அதுக்கு ஒரு மெகசின் பூட்டிக்கோங்களேன், மிஸ்.”

“ஏலாது, பைசல். அதில அதுக்கு இடமே இல்லை. இருந்தாலும் சட்டத்தில இடமில்லை. ரெண்டிலயும் இருந்தாலும் எனக்கு வேண்டாம்.”

“அப்ப என்னத்தை மாத்தப் போறீங்க?”

“என்ர மூஞ்சை படுற இடத்தை மட்டும்.”

அவருக்கு அது விளங்கவில்லை. வேகமாகச் சுடுவதும் நிறையச் சுடுவதும் என்ன என்று கண்ட ஊர் இது. எனக்கு அந்த ஒரு ரவை பிடித்திருந்தது. வைத்து, மூடி, மூச்சை விட்டு, சுட்டு, திரும்ப ஆற அமர எழும்பலாம். பிழைத்தால் பிழை என்னுடையது. ரவையைக் கூட்டிச் சரிக்கட்ட வழியில்லை.

ஐஸ்கிரீம் டப்பா

ஜூட்டைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அவன் பல்லுச் செட் செய்கிறவன். கொட்டாஞ்சேனை வீட்டின் முன் அறைதான் அவனுடைய வேலைத்தளம். அங்கே எந்த நேரமும் அக்ரிலிக் மணமும் உருகிய மெழுகு மணமும் இருக்கும். தட்டில் வரிசையாக ஊரிலுள்ளவர்களின் தாடைகள் வெள்ளைப் பிளாஸ்டரில் இளித்துக்கொண்டு கிடக்கும். அம்மாவின் பல்லும் அவன் செய்ததுதான்.

பெரேரா சொன்னதை அவனிடம் சொல்லிப் புலம்பினேன். ஆணி இல்லை, பசை இல்லை, கையால் பூட்டவேண்டும், கையால் கழற்றவேண்டும், அடையாளம் இருக்கக் கூடாது.

ஜூட் ஒரு செட்டின் கடைவாய்ப் பல்லை அரைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். “அக்கா, உனக்கு விசரே? நான் காலமை இருந்து பின்னேரம் மட்டும் என்னத்தைச் செய்யிறன்?”

அறை முழுக்கக் கையால் பூட்டிக் கையால் கழற்றுகிற சாமான்கள். எனக்குத்தான் அவ்வளவு நாளும் கண் தெரியவில்லை.

ஆனால் துவக்கை அவனிடம் கொண்டுவர முடியாது. அவனையும் ஆயுத அறைக்குள் விடமாட்டார்கள். ஆகவே அச்சை நானே எடுக்கவேண்டும். பல் அச்சு எடுக்கிற மாவும், பிளாஸ்டரும், ரப்பர் கோப்பையும் தந்து, எப்படிக் குழைப்பது என்று அம்மாவின் பழைய பல்லுச் செட்டை வைத்துப் பழக்கினான்.

கிளப்பில் துவக்கின் அடிப்பக்கத்தை, சாப்பாடு சுற்றுகிற மெல்லிய தாளால் சுற்றி, ஐஸ்கிரீம் டப்பாவில் குழைத்த மாவுக்குள் அமத்தினேன். ரோசா நிறம், புதினா வாசம். பெரேரா பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு கண்வெட்டாமல் பார்த்தார். இறுகியதும் துவக்கை எடுத்தேன். தாளை உரித்தேன். மரத்தில் ஒரு பொட்டும் இல்லை. அவர் விரலால் தடவிப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பள்ளத்துக்குள் அங்கேயே பிளாஸ்டரை ஊற்றினேன்.

அன்று சனிக்கிழமை. பிளாஸ்டர்க் கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையில் இறங்கி, நேராகப் பின்னேரப் பூசைக்குப் போனேன். அந்த ஈஸ்டர் ஞாயிறுக்குப் பிறகு கோயில் வாசலில் பை பார்ப்பார்கள். ஏன் என்று நான் எழுதத் தேவையில்லை.

பார்த்த பிள்ளை அதை வெளியே எடுத்து, “அன்ரி, இது ஆரின்ர காலுக்குப் போட்ட கட்டு?” என்று கேட்டாள்.

நல்ல ஒரு பொய்யை அவளே கையில் தந்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “கால் இல்லைப் பிள்ளை, துவக்கின்ர அச்சு” என்றேன்.

வரிசை அப்படியே அடங்கிப்போனது. பின்னால் நின்ற மனிசி தன் பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்தார். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் வந்தார். கிளப் அட்டையைக் காட்டி, ஜூட்டுக்குத் தொலைபேசி எடுத்து, பல்லுச் செட்டில் தொடங்கி எல்லாவற்றையும் சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். அவர் பிளாஸ்டரை விரலால் தட்டிப் பார்த்தார். “துவக்குக்குப் பல்லா?” என்று கேட்டுத் தலையில் கை வைத்தார். நான் உள்ளே போனபோது பிரசங்கம் முடிந்திருந்தது.

அந்தப் பிள்ளை பாவம், பயந்துவிட்டாள். அதற்கு நான் வருந்துகிறேன். உண்மையைச் சொன்னதற்கு வருந்தவில்லை.

“கடி, அக்கா!”

துவக்கின் அச்சு கிடைத்துவிட்டது. அடுத்தது என் கன்னம்.

ஜூட் என்னைக் கதிரையில் சாய்த்து, பிளாஸ்டர்க் கட்டையில் சூடான மெழுகை வைத்து, அதை என் இடது கன்னத்தோடு சேர்த்து அமத்தினான். “கடி. நல்லாக் கடி, அக்கா. அசையாதை” என்றான். கடித்தேன். மெழுகு ஆறியது. ஒரு கிழமையில் அக்ரிலிக் துண்டு வந்தது. மரத்தில் வைத்து அமத்தினால் ‘டக்’ என்று இருக்கும், விரலால் நெம்பினால் கழன்று வரும். உரசாமலிருக்க உள்ளே மெல்லிய துணி ஒட்டியிருந்தான்.

“இந்த நிறமேன்டா?” என்று கேட்டேன்.

“என்னட்டை இந்த நிறம்தானே கிடக்கு. ஊருக்கே இந்த நிறம்தான் குடுக்கிறன்.”

துவக்கின் நீளக்குறையை நான் பார்த்துக்கொண்டேன். பழைய ரப்பர் செருப்பை வெட்டி அடுக்கி, தடித்த துணியில் ஓர் உறை தைத்து, சொக்ஸ் போடுவது போல அடியில் மாட்டினேன். அதுவும் இழுத்தால் வந்துவிடும்.

கிளப்புக்குக் கொண்டுபோய்ப் படுத்தேன். துண்டு கன்னத்தில் பொருந்தவில்லை. எங்கேயோ ஒரு விளிம்பு குத்தியது. பல்லை இறுகக் கடித்தால் மட்டும் அச்சொட்டாகப் பொருந்தியது. சரியென்று கடித்துக்கொண்டே சுட்டேன். நெற்றிப்பொட்டு விண் விண்ணென்று அடித்தது, குறியும் அதோடு சேர்ந்து துள்ளியது. அட்டையில் ஓட்டைகள் அம்மைத் தழும்பு போல எங்கும் கிடந்தன.

பெரேரா அட்டையைப் பார்த்தார். “வலது பக்கம் மாறு, நங்கி. ஒரு மாதத்தில பழகிடும்.”

போட்டிக்கு இருந்ததே கொஞ்ச நாள்தான். அந்த ஒரு கணம் எனக்கும் சலித்துப் போனது. ஏன் இந்த வீம்பு, எல்லாரும் மாறவில்லையா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் கதிரைக் கைப்பிடியும் லேஞ்சியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஜூட்டிடம் போனேன்.

“என்னைக் கடிக்கச் சொன்னது ஏன்?”

அவன் என் கன்னத்தைப் பார்த்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். “ஐயோ அக்கா! பழக்கதோசம். கதிரையில ஆர் இருந்தாலும் என்ர வாயில கடி எண்டுதான் வரும்.”

“மாடு! நான் துவக்கைச் சாப்பிடவா போறன்?”

முன் அறைக் கதவில் நின்ற அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “இந்த வயசில ரெண்டும் ஆடுற ஆட்டம்” என்று உள்ளே போனார்.

இரண்டாம் தரம் ஜூட் என்னைக் கடிக்கச் சொல்லவில்லை. “வெள்ளவத்தை பஸ்ஸில யன்னல் சீட் கிடைச்சிட்டுது. கண்ணாடியில சாய்ஞ்சு நித்திரை கொள்ளப் போறாய். அப்பிடி இரு” என்றான். தாடையை விட்டேன். கன்னம் தன் பாட்டில் தொங்கியது. ஐம்பதை எட்டுகிற கன்னம், எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கன்னத்துக்குத்தான் அச்சு எடுத்தான்.

கடைசிப் பாதை

இனி மேசைக்கு வருகிறேன். பெரேராவின் உள்ளங்கை இன்னும் துவக்கின் மேல்தான் கிடக்கிறது.

“இது மாத்தின துவக்கு. அனுமதிக்க ஏலாது” என்றார்.

நான் அவருடைய கைக்குப் பக்கத்தில் என் இடக்கையை வைத்தேன். பெருவிரலால் நெம்பினேன். முரசுத் துண்டு கையோடு வந்தது. மேசையில் வைத்தேன். அடி உறையை இழுத்து அதையும் பக்கத்தில் வைத்தேன். இப்போது அங்கே கிடந்தது பழைய பபா துவக்கு.

“பாருங்கோ, சேர். அடையாளம் இருக்கா?”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் பார்த்தார். விசையைச் சோதித்தார். நான் ஒன்றையும் தொடவில்லை, தொடமாட்டேன் என்று அவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டு நின்றவர்கள் இப்போது கிட்ட வந்து பார்த்தார்கள்.

“கையால பூட்டி, கையால கழட்டுறது எதையும் செய் எண்டு சொன்னது நீங்கள்தான்.”

“சொன்னன்தான்” என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும். “ஆனா இடது தோளில எப்பிடி? எல்லாரும் ஒரு பக்கம் பாத்துப் படுப்பாங்க, நீ மட்டும் மறுபக்கம் பாத்து. பக்கத்தில இருக்கிறவருக்கு மூஞ்சையோட மூஞ்சை.”

“எந்தத் தோளில சுடவேணும் எண்டு விதியில இருக்கா, சேர்?”

அவர் சுடும் இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“மூஞ்சைதான் பிரச்சினை எண்டா என்னைக் கடைசியில போடுங்கோ. அங்க சுவர்தானே இருக்கு. சுவருக்கு என்ர மூஞ்சை பிடிக்காட்டிப் பரவாயில்லை.”

யாரோ மறுபடி சிரித்தார்கள். இந்த முறை என்னைப் பார்த்து இல்லை. பெரேரா கண்ணாடியைக் கழற்றினார். துவக்கையும், முரசையும், செருப்பு உறையையும் மேசையின் மறுபக்கம் தள்ளிவிட்டார்.

சுடும் வரிசையின் கடைசிப் பாதையில் நுளம்புக் கடி. சுவரில் பாசி. படுத்தேன். புதியவர்கள் மணல் மூட்டையில் துவக்கை வைத்துச் சுடலாம். கன்னத்தை இறக்கினேன், பஸ் யன்னலில் சாய்வது போல. கண்ணுக்கு நேரே துளை வந்து நின்றது, நான் தேடிப் போகவில்லை.

பழகும்போது ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். போல்ட் வலது பக்கத்தில் இருப்பதால் அது இடக்கைக்காரருக்கு உதவாத துவக்கு என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் துவக்கை மணல் மூட்டை தாங்கும்போது என் வலக்கை சும்மாதான் கிடந்தது. போல்ட்டை இழுக்க, ரவையை வைக்க, மூட, எல்லாவற்றுக்கும் அது இருந்தது. மற்றவர்கள் ஒவ்வொரு ரவைக்கும் விசையிலிருந்து கையை எடுத்து, தோளை அசைத்து, திரும்பப் படுத்தார்கள். நான் படுத்தது படுத்தபடி கிடந்தேன். அடித்துப் பழக்கிய அந்தக் கை அன்றைக்கு மற்றக் கைக்கு எடுபிடி வேலை செய்தது. எனக்கு அதில் வந்த திருப்தியை எழுத்தில் சொல்ல வராது.

ஒரு ரவை. மூச்சு. பிறகு இன்னொரு ரவை.

முதலிடம் கல்கிசையிலிருந்து வருகிற ஓர் இளைஞருக்கு. அவருக்கு அடுத்தது நான். என் அட்டையில் ஓட்டைகள் எல்லாம் நடுவிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கி, ஒன்றையொன்று தின்றுகொண்டு கிடந்தன.

பெரேரா அட்டையைத் தரும்போது, “வலது பக்கம் சுட்டிருந்தா முதல் வந்திருப்பாய்” என்றார்.

“வலது பக்கம் சுட்டிருந்தா நான் வந்தே இருக்கமாட்டன், சேர்.”

மத்தியானம் எல்லாருக்கும் புரியாணி தந்தார்கள். பெரேரா எனக்கு நேரே இருந்து சாப்பிட்டார். என் கையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

சம்பல் கோப்பை

பின்னேரம் நேராகக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அம்மா இடியப்பம் அவித்து வைத்திருந்தார். ஜூட் அட்டையைப் பறித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓட்டைகளுக்குள்ளால் என்னைப் பார்த்தான். பிறகு அதை அம்மாவின் முன்னால் வைத்தான்.

அம்மா விரலால் தடவிப் பார்த்தார். கண் தெரியாதவர் தடவுவது போல மெதுவாக.

“எந்தக் கையால?”

“இந்தக் கையால” என்று இடக்கையைத் தூக்கிக் காட்டினேன்.

அம்மா அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஜூட் செய்த பல்லை நாக்கால் ஒருமுறை சரிப்படுத்திக்கொண்டார். “அண்டைக்குக் கட்டினது போதாது போல” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணும் நிறைந்தது. “ஓம் அம்மா. போதாது” என்றேன்.

கோப்பையை இழுத்துக்கொண்டு, இடக்கையால் இடியப்பத்தைப் பிய்த்தேன். ஜூட் மெல்லுவதை நிறுத்திவிட்டான். அம்மாவின் மேசையில், அம்மாவுக்கு முன்னால், அந்தக் கை சாப்பாட்டில் பட்டது அன்றைக்குத்தான். அம்மா என் வலது பக்கம் இருந்த சம்பல் கோப்பையை எடுத்தார். ஒருமுறை பெருமூச்சு விட்டார். அதை இடது பக்கம் வைத்தார்.

“வீட்டுக்குள்ள எண்டபடியாப் பாக்காத மாதிரி இருக்கிறன்” என்றார். “வெளியில போய் இப்பிடிச் சாப்பிடாதை, பிள்ளை. சனம் பாக்கும்.”

“பாத்தது, அம்மா” என்றேன். “மத்தியானம் கிளப்பில எல்லாருக்கும் முன்னால இந்தக் கையாலதான் புரியாணி சாப்பிட்டிட்டு வந்தனான்.”